வேலை பார்த்து வளர்ந்த கை

நண்பர்களே, கலைஞர்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தாலே நாம் கற்பனை, உத்வேகம் என்று மேலே மேலே போய்விடுகிறோம். சின்ன வயதில் அவர்கள் கை எந்த வேலைக்குப் பழகியது என்று கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

லூயீஸ் பூர்ஷ்வா 1911இல் பாரிஸில் பிறந்த சிற்பி. சுவரில் தொங்கவிடும் பழைய சித்திர நெசவுத் திரைகளைச் செப்பனிடுவது அவர் குடும்பத்தின் தொழில், பட்டறையைக் கவனித்துக்கொண்டது அம்மா. அந்தத் திரைகள் பெரும்பாலும் அடிப்பக்கம்தான் சிதைந்திருக்கும், அதாவது படத்தில் நிற்கிறவர்களுக்குக் கால் இருக்காது. காணாமல் போன அந்தக் கால்களை வரைந்து கொடுக்கிற வேலை சிறுமியான லூயீஸிடம் வந்தது. யோசித்துப் பாருங்கள், மேலே மிச்சமிருக்கும் உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பாரம் எங்கே இறங்குகிறது என்று பார்த்துத்தான் ஒரு பாதத்தைப் போட முடியும், இஷ்டத்துக்கு வரைந்தால் நெய்கிறவருக்கு உதவாது. வயதான பிறகு தன் பழைய உடைகளை வெட்டித் தைத்தே சிற்பம் செய்தார். 1999இல் ஒன்பது மீட்டருக்கும் மேல் உயரமான சிலந்தி ஒன்றைச் செய்து அம்மாவுக்குக் காணிக்கையாக்கினார். சிலந்தியும் அறுந்த வலையைப் பின்னிச் சரிசெய்வதுதானே!

இன்னொரு சிற்பி ரூத் அசாவா, 1926இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் காய்கறி விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். நிலத்தைச் சமன்செய்ய குதிரை இழுத்துப்போகும் வண்டியின் பின்னால் உட்கார்ந்து, தொங்கிய கால்விரல்களால் மண்ணில் வளைவு வளைவாகக் கோடு போட்டுக்கொண்டே போவாராம். அதே வளைவுகள்தான் பிற்காலத்தில் அவருடைய கம்பிச் சிற்பங்களில் வந்தன. 1947இல் மெக்சிகோவில் கம்பிக் கூடை பின்னக் கற்றுக்கொண்டார், அப்புறம் வீட்டிலேயே, ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் பின்னினார். வேலைக்கு மனநிலை வரட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் இப்படி வளர்ந்தவர்களிடம் தங்குவதில்லை என்று நினைக்கிறேன்.

கஷ்டப்பட்டால்தான் கலை வரும் என்று நான் சொல்லவில்லை. 1942இல், அமெரிக்கா ஜப்பானோடு போரிட்டபோது, ஜப்பானிய வம்சாவளி என்பதற்காகவே அசாவாவின் குடும்பத்தை முகாமில் அடைத்தார்கள். அது அநியாயம், அதைப் பயிற்சி என்று யாரும் அழகுபடுத்தக் கூடாது. நான் பேசுவது, பிள்ளையை நம்பி உண்மையான வேலை ஒன்றைக் கையில் கொடுப்பதைப் பற்றி. அசாவா அதைச் செய்தும் காட்டினார். 1968இல் சான் பிரான்சிஸ்கோவில் பள்ளிக் கலைப்பட்டறை ஒன்றைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். மாவு, உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்த மாவில் பிள்ளைகள் உருவம் செய்தார்கள். அதே நகரத்தில் அவர் அமைத்த நீரூற்றில் பள்ளிப் பிள்ளைகள் மாவில் பிடித்த உருவங்களையும் வெண்கலத்தில் வார்த்து வைத்திருக்கிறார்.