மார்கரெட் ரதர்ஃபோர்டின் நகைச்சுவை: உருவமா, உண்மையுணர்வா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தின் நகைச்சுவை நடிகை மார்கரெட் ரதர்ஃபோர்டு நம்மைச் சிரிக்க வைத்தது உருவத்தாலா, உண்மையுணர்வாலா என்பது இன்றைய தலைப்பு. உண்மையுணர்வால்தான், அதாவது ஏற்ற பாத்திரத்தைக் கேலி செய்யாமல் முழு மனத்தோடு நம்பி நடித்ததால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், தொங்கும் கன்னம், அகன்ற தாடை, பருத்த உடல் என்று ஒரு பட்டியலைப் படித்தார். தாடையை மட்டும் வைத்துக்கொண்டே நடிக்கக் கூடியவர் என்று நாடக விமர்சகர் கென்னத் டைனன் எழுதியதையும் சான்றாகக் காட்டினார். டைனன் எழுதியதை நான் மறுக்கவில்லை. ஆனால் தாடையால் நடிக்க முடிந்தது என்றுதான் அவர் வியந்தாரே ஒழிய, தாடை இருந்ததால் சிரிப்பு வந்தது என்று சொல்லவில்லை. அப்படிப்பட்ட தாடை லண்டன் மாநகரில் எத்தனையோ பேருக்கு இருந்திருக்கும். அரங்கம் அதிரச் சிரிக்க வைத்தவர் இவர் ஒருவர்தானே!

உருவமே முதல் என்றால் அது இருபது வயதிலேயே அவரை மேடையேற்றியிருக்க வேண்டும். 1892இல் பிறந்த மார்கரெட், 1925இல்தான் ஓல்ட் விக் அரங்கில் முதன்முதலாகத் தொழில்முறை நடிகையாகக் கால் வைத்தார். அப்போது அவருக்கு வயது 33. அதுவரை பியானோவும் பேச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். தம்மை வளர்த்த அத்தை விட்டுச்சென்ற சிறிது பணம்தான் நாடகத்துக்கு வழி திறந்தது.

அந்த அத்தையிடம் அவர் வளர நேர்ந்த கதையில் நம் சென்னையும் இருக்கிறது. மார்கரெட்டின் தந்தை, மனநோயின் பிடியில், 1883இல் தம் சொந்தத் தந்தையையே கொன்று பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைக்கப்பட்டவர். 1890இல் விடுதலையாகி, குடும்பப் பெயரையே மாற்றிக்கொண்டு, மனைவியோடும் கைக்குழந்தையோடும் சென்னைக்கு வந்தார். அங்கேதான் அந்தத் தாய் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மூன்று வயதுக் குழந்தை தாயில்லாமல் கப்பலேறி விம்பிள்டனுக்குத் திரும்பியது. தந்தை மீண்டும் காப்பகத்தில் இருக்கும் உண்மை பதின்பருவத் தொடக்கத்தில்தான் மகளுக்குத் தெரியவந்தது. அந்த நோய் தம்மையும் பற்றிக்கொள்ளுமோ என்ற அச்சமும், அடிக்கடி வந்து வாட்டிய மனச்சோர்வும் அவரைக் கடைசிவரை விடவில்லை. இதை இரக்கம் தேடுவதற்காக நான் சொல்லவில்லை. பிறர் பைத்தியக்காரத்தனம் என்று எள்ளி நகையாடுவதை இந்தப் பெண்ணால் ஒருநாளும் எள்ள முடியாமல் போனதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

நோயல் கவர்ட் எழுதி 1941இல் மேடையேறிய ‘ப்ளைத் ஸ்பிரிட்’ நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆவிகளை அழைத்துப் பேசும் மேடம் ஆர்காட்டி வேடத்தை ஏற்க மார்கரெட் முதலில் தயங்கினார். ஆவியுலகை மெய்யென்று நம்புகிறவர்களைக் கேலிப்பொருளாக்க அவருக்கு மனம் வரவில்லை. பிறகு ஏற்றுக்கொண்டபோதும், அந்த அம்மையாரைத் தம் தொழிலில் பக்தி கொண்ட ஒரு நிபுணராகவே நடித்தார். 1945இல் டேவிட் லீன் இயக்கிய திரைப்படத்தில் பாருங்கள்: சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து வருகிறார், ஆவியை அழைக்கும் முன் அறையைச் சுற்றி வந்து, ஒரு மருத்துவர் அறுவைக்குத் தயாராவதைப் போல அத்தனை கவனமாகத் தயாராகிறார். மற்றவர்கள் ஐயத்தோடும் ஏளனத்தோடும் அமர்ந்திருக்க, அவர் ஒருவர் மட்டும் முழு நம்பிக்கையோடு நிற்கிறார். நமக்குச் சிரிப்பு வருவது அந்த நம்பிக்கையைப் பார்த்துத்தான்.

‘மிஸ் மார்ப்பிள் வேடத்துக்கு அவரைத் தேர்ந்தெடுத்ததே தோற்றத்துக்காகத்தான்’ என்றார் எதிரணித் தோழி. நடுவர் அவர்களே, அகதா கிறிஸ்டி தம் துப்பறியும் நாவல்களில் படைத்த மிஸ் மார்ப்பிள் மெலிந்து, நயமாகப் பேசும் மூதாட்டி. உருவத்தை அளவுகோலாகக் கொண்டால் மார்கரெட் அந்த வேடத்துக்குச் சற்றும் பொருந்தாதவர்! கொலைக் கதைகள் என்றாலே முகம் சுளித்தவரும்கூட. ஆயினும் 1961 முதல் 1964 வரை நான்கு படங்களில் தம் சொந்த உடைகளையே அணிந்து, கணவர் ஸ்ட்ரிங்கர் டேவிஸ் உடன் நடிக்க, அந்தத் துப்பறியும் மூதாட்டியாகவே வாழ்ந்தார். எழுபதைக் கடந்த வயதில் ‘மர்டர் அஹோய்’ படத்தில் வாளேந்திச் சண்டையிடுகிறார். அதிலும் கேலியின் சாயல் துளியும் இல்லை. படங்களுக்காகத் தம் கதைகளை மாற்றியதில் கிறிஸ்டிக்கு உவப்பில்லை. இருந்தும் 1962இல் வெளிவந்த தம் நாவல் ஒன்றை மார்கரெட்டுக்கே காணிக்கையாக்கினார். தம் பாத்திரத்தைப் போலத் தோன்றாத ஒருவருக்கு, எதைப் பாராட்டி அந்தக் காணிக்கை?

ஆஸ்கார் விருதைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. ‘தி வி.ஐ.பிஸ்’ படத்தில் பரம்பரை வீட்டைக் காப்பாற்ற வேலை தேடி அமெரிக்காவுக்குப் புறப்படும் நொடித்த சீமாட்டியாக நடித்து, 71ஆம் வயதில் அதைப் பெற்றார் என்பது போதும்.

ஆஸ்கார் வைல்டின் ‘தி இம்பார்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்’ நாடகத்தில்தான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. 1939இல் லண்டனில் அதில் ஆசிரியை மிஸ் பிரிசமாக நடித்தவர், 1947இல் நியூயார்க்கில் கம்பீரம் மிக்க லேடி பிராக்னெல்லாக நடித்தார். அதே தாடை, அதே கன்னம். லேடி பிராக்னெல்லைக் கண்டு நடுங்குகிற மிஸ் பிரிசமும் அவரே, நடுங்க வைக்கிற லேடி பிராக்னெல்லும் அவரே.

1952இல் வந்த திரைப்படத்தில் மீண்டும் மிஸ் பிரிசமாகிறார். கைக்குழந்தையைக் கைப்பையிலும், தாம் எழுதிய நாவலைத் தள்ளுவண்டியிலும் மறதியாக வைத்துத் தொலைத்தவர் மிஸ் பிரிசம். பல ஆண்டுகள் கழித்து அந்தப் பையைக் கொண்டுவந்து நீட்டுகிறார்கள். ஒரு குடும்பத்தின் தலைவிதியே அவர் வாயிலிருந்து வரப்போகும் சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அவரோ பையில் பழைய காயத்தைத் தேடுகிறார், உள்ளே பானம் சிந்திய கறையைத் தேடுகிறார், பூட்டின் மேல் தம் பெயரின் முதலெழுத்துகளைத் தேடுகிறார்; பை தம்முடையதுதான் என்று தெரிந்ததும், இத்தனை ஆண்டுகள் அது இல்லாமல் மிகவும் சிரமமாக இருந்தது என்று மனம் நிறைந்து சொல்கிறார். தொலைந்த குழந்தை வளர்ந்து எதிரே நிற்க, இவருக்குக் கிடைத்தது பை. அந்த மகிழ்ச்சியில் இம்மியளவும் பொய் இல்லை. நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதும் முன் அந்த ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவந்து, தாம் சிரித்தது தாடையைப் பார்த்தா, அந்தப் பையை அவர் பார்த்த பார்வையைப் பார்த்தா என்று சொல்ல வேண்டுமெனக் கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.