காளான் அறையில் கருவாட்டு நாற்றம்

வணக்கம். கோத்தகிரியில் காலையிலிருந்து மூடுபனி விலகவே இல்லை. படம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கையில் இருப்பதைப் பாருங்கள், அருகில் காட்டுகிறேன். ஹீட்டரின் மூன்று முனைப் பிளக். இரண்டு முனைகள் பளபளவென்று இருக்கின்றன. மூன்றாவது முனை மட்டும் கறுத்துப்போய், அதைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி கொப்பளித்திருக்கிறது.

மூன்று நாளாக வீட்டில் கருவாட்டு நாற்றம். பக்கத்து வீட்டில் வறுக்கிறார்கள் என்றார் அத்தை. இரவு பதினொரு மணிக்கு யார் கருவாடு வறுப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. பிளக், சாக்கெட்டில் இருக்கும் சில வகைப் பிளாஸ்டிக்குகள் அளவுக்கு மீறிச் சூடேறினால் மீன் நாற்றம்தான் அடிக்கும். அது எனக்கு அப்போது தெரியாது. நான்காம் நாள் காளான் அறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது.

கோத்தகிரிக் குளிரில் மொட்டுக் காளானுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். காளான் தலைகாட்டும் பருவத்தில் 14 முதல் 18 டிகிரி போதும், அதை இந்த மலை இலவசமாகவே கொடுத்துவிடுகிறது. ஆனால் விதைத்த பிறகு வித்து உரத்தில் வேரோடிப் பரவும் இரண்டு மூன்று வாரம் 22 முதல் 25 டிகிரி வேண்டும். தை மாத இரவில் அதற்கு எங்கே போவது? 2000 வாட் ஹீட்டர் ஒன்றை வாங்கி வைத்தேன்.

தவறு அங்கேதான் தொடங்கியது. ஹீட்டருக்குப் பெரிய பிளக், 16 ஆம்பியர். அறையில் இருந்ததோ 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கடையில் ஒரு கன்வெர்ட்டரை வாங்கிப் பெரியதைச் சின்னதில் நுழைத்துவிட்டேன். கணக்கு எளிது: 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் 8.7 ஆம்பியர். ஆறு பேர் ஏறும் ஜீப்பில் ஒன்பது பேரை ஏற்றிக் கட்டபெட்டு ஏற்றத்தில் விட்டது போல.

ஆனாலும் பிளக்கைக் கருக்கியது இந்த அதிகச் சுமை மட்டுமல்ல. வயர்மேன் அண்ணன் பாக்ஸைப் பிரித்துக் காட்டினார். சாக்கெட்டுக்குள் முனையைக் கவ்விப் பிடிக்கும் பித்தளைத் தகடு தளர்ந்திருந்தது. காளான் அறையில் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்காது, பித்தளையில் பச்சைக் களிம்பும் ஏறியிருந்தது. பிடி தளர்ந்து களிம்பும் ஏறினால் அந்த இடத்தில் மின்தடை கூடும். வெறும் 0.2 ஓம் என்று வையுங்கள். 8.7 ஆம்பியர் அதன் வழியாகப் போனால் 15 வாட் வெப்பம் அந்த ஒரே புள்ளியில் பிறக்கிறது. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் உருக்கும் சிறிய சூட்டுக்கோல் 25 வாட். அதில் பாதிக்கு மேலான சூட்டை ஒரு பிளக்குக்குள் வைத்து இரவு முழுக்கப் பூட்டியிருந்தேன்.

மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் ஏன் விழவில்லை? என்னை அதிகம் உறுத்தியது இதுதான். புதிய எம்.சி.பி. போட்டாயிற்று, ஆர்.சி.சி.பி.யும் இருக்கிறது, இனி கவலையில்லை என்று நிம்மதியாக இருந்தேன். எம்.சி.பி. பார்ப்பது மின்னோட்டத்தின் அளவை மட்டும். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 8.7 ஆம்பியர் ஒரு பொருட்டே அல்ல. தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டவும் செய்யாது. ஆர்.சி.சி.பி.யோ கசிவைத்தான் பிடிக்கும். 30 மில்லி ஆம்பியர் வழிதவறி எர்த்துக்குப் போனால் அணைத்துவிடும், ஆள் உயிர் தப்பும். கசிவில்லாமல் வெந்துகொண்டிருக்கும் பிளக்கைப் பற்றி இரண்டுக்குமே தகவல் போகாது. அந்த பாக்ஸை நான் திருகி வைத்திருந்ததோ குளிர் தாங்கச் சுவரில் ஒட்டிய தெர்மோகோலின் மேல். நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

பிளக்கை மட்டும் மாற்றினால் போதாதா என்று அத்தை கேட்டார். நானும் அதைத்தான் நினைத்தேன். சூட்டில் வெந்த தகடு விறைப்பை இழந்துவிடும், புதுப் பிளக்கையும் அதே சாக்கெட் கருக்கிவிடும், இரண்டையும் சேர்த்தே தூக்கிப் போட வேண்டும் என்றார் அண்ணன். இன்னொன்றும் சொன்னார். பிளக்குக்குள் திருகும் வயர் நுனிக்கு நான் பெருமையாக ஈயம் பூசியிருந்தேன். பூசக்கூடாதாம். திருகின் அழுத்தத்தில் ஈயம் மெல்ல மெல்ல நசுங்கி விலக, இறுக்கிய திருகு தானாகத் தளரும். பிரி பிரியான செம்பு நுனிக்கு உலோக உறை மாட்டி இறுக்கச் சொன்னார்.

இப்போது சாக்கெட் பலகையை அறைக்கு வெளியே, செங்கல் சுவருக்கு மாற்றியாயிற்று. ஹீட்டருக்கு மட்டும் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் சாக்கெட். கன்வெர்ட்டர் குப்பைக்குப் போனது. ஈரமூட்டும் கருவியின் வயரைப் பாருங்கள், சாக்கெட்டுக்குக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றியிருக்கிறேன். வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. மீதி வயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதையும் விட்டுவிட்டேன், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

ஹீட்டர் அரை மணி நேரம் ஓடிய பிறகு, சுவிட்சை அணைத்துவிட்டு, உலர்ந்த புறங்கையால் பிளக்கின் உடம்பைத் தொட்டுப் பார்க்கிறேன். இளஞ்சூடு இருக்கலாம். கையை இழுத்துக்கொள்ளும் சூடு என்றால் அன்றைக்கு ஹீட்டர் ஓடாது. நேற்று தொட்டேன், வெதுவெதுப்புகூட இல்லை. உரப்படுக்கை 23 டிகிரி காட்டியது.

பக்கத்து வீட்டு அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு, நாங்கள் சைவம், தெரியாதா என்றார்.