குரங்கு கொண்டுபோன உலைமூடி

(குன்னூரில் ஒரு வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது)

தலைவர் அவர்களே, இந்தக் குளிரிலும் மப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, டீயும் வர்க்கியும் கொடுத்துப் பேசச் சொன்ன நண்பர்களே, வணக்கம். மைக் செட் தம்பிக்கும் தனி வணக்கம். போன வருடம் அவரை விட்டுவிட்டேன், பாதியில் மைக் நின்றுபோனது.

மீம் எங்கே பிறக்கிறது, எப்படிக் கூட்டம் விட்டுக் கூட்டம் தாவுகிறது, எப்படிச் சாகிறது என்று மூன்று விஷயம் வைத்திருக்கிறேன்.

1976-ல் ரிச்சர்ட் டாக்கின்ஸ் என்ற உயிரியல் அறிஞர் உண்டாக்கிய சொல் இது. போலச் செய்தல் என்று பொருள்படும் கிரேக்க வேரை எடுத்து, மரபணுவைக் குறிக்கும் 'ஜீன்' மாதிரி ஒலிக்கட்டும் என்று சுருக்கினார். ஒருவர் முணுமுணுக்கும் மெட்டு பக்கத்து ஆளைத் தொற்றுகிறதே, அதுவும் மீம்தான். நம் பாட்டிமார் இதைத்தான் சொன்னார்கள்: ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

மீம் எங்கே பிறக்கிறது என்பதற்கு ஒரு கதை. 2019 மே மாதம், சிவில் எஞ்சினியர்களுக்கான ஒரு ஃபேஸ்புக் பக்கத்தில் சுத்தியல் படம் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டார்கள். நம் ஆள் ஒருவர் பெயரைச் சொல்லிவிட்டு, இதனால்தான் காண்ட்ராக்டர் நேசமணிக்கு மண்டை உடைந்தது என்றும் சேர்த்துவிட்டார். நேசமணி யார்? 2001-ல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு போட்ட வேடம்! இப்போது எப்படி இருக்கிறார் என்று இன்னொருவர் விசாரிக்க, ட்விட்டர் முழுக்க நேசமணிக்குப் பிரார்த்தனை.

அது கிடக்கட்டும், என் வீட்டுக் கதையைக் கேளுங்கள். போன மாதம் சமையலறை ஜன்னலில் ஒரு குரங்கு. வந்தது வர்க்கிக்கு, கையில் சிக்கியது உலைமூடி. சத்தியமாக உலைமூடிதான்! கூரையில் உட்கார்ந்து அந்த எவர்சில்வரில் முகம் பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை மகன் படமெடுத்து, "மாமா வீட்டுப் புது சமையல்காரர்" என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். மத்தியானம் கோத்தகிரி நண்பர் அனுப்பினார்: "மேக்கப் முடியாமல் கல்யாணத்துக்கு வரமாட்டேன்." சாயங்காலம் திருப்பூரிலிருந்து: "சம்பளத் தேதியில் நான்." ராத்திரி கொடைக்கானல் சம்பந்தி அனுப்புகிறார்: "எங்க ஊர்க் குரங்கைப் பாத்தீங்களா?" கூரை என்னுடையது, மூடி என்னுடையது, குரங்கு மட்டும் கொடைக்கானலுக்குப் போய்விட்டது! படம் அதேதான்; எழுத்து மாற மாற ஒவ்வொரு கூட்டமும் தன்னுடையதாக்கிக்கொண்டது. மாறாமல் இருந்திருந்தால் எங்கள் குரூப்பிலேயே செத்திருக்கும். ஊர்வாயை மூட உலைமூடி இல்லை. இருந்த ஒன்றையும் குரங்கு கொண்டுபோய்விட்டது.

சரி, அது ஏன் என் சமையலறைக்கு வந்தது? பர்லியாரிலிருந்து மேலே வரும் பாதையில் காரை நிறுத்தி, சிப்ஸை நீட்டி ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து அடுத்தவர். இதுவும் மீம்தானே ஐயா! தாயைப் பார்த்துக் குட்டியும் காட்டுப்பழத்தை விட்டுக் கார் ஜன்னலைத் தேடுகிறது, வளைவில் அடிபடுகிறது. நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, 'தீனி போடாதீர்' என்ற துருப்பிடித்த போர்டை யாரும் படிப்பதில்லை. உலைமூடியோடு இருக்கும் என் குரங்கின் படத்தைப் பெரிதாக வைக்க ஒரு தீர்மானம் போடுங்கள். படம் நான் இலவசமாகத் தருகிறேன்.

மீம் எப்படிச் சாகிறது என்பது பாக்கி. தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மூடி யார் கண்ணிலாவது பட்டால் என் வீட்டில் சேர்த்துவிடுங்கள். வீட்டம்மா இன்னும் தட்டை வைத்துத்தான் மூடுகிறார். வணக்கம்.