ஆச்சியின் மோட்டார்: மீதி 345 எங்கே போனது?

வணக்கம் நண்பர்களே. காரைக்குடி செக்காலையில் ஒரு பலகாரக் கூடத்தில் நிற்கிறேன். பின்னால் இரைவது மாவு அரைக்கும் மோட்டார். பொறுத்துக்கொள்ளுங்கள், மணகோலத்துக்கு மாவு ஓடிக்கொண்டிருக்கிறது, நமக்காக ஆச்சி அதை நிறுத்த மாட்டார்கள்.

கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். ஒற்றை வயரைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மீட்டரில் 5 ஆம்பியர். மின்னழுத்தம் 230 வோல்ட். பெருக்கினால் 1150. பக்கத்து வாட் மீட்டரோ 805 என்கிறது. "மீதி 345 யார் கணக்கில் போனது?" என்று கேட்டார்கள் ஆச்சி. வட்டிக் கணக்கில் வளர்ந்த ஊர், கேட்காமல் விடுமா?

கழித்துப் பார்ப்பதே இங்கே செல்லாது, ஆச்சி. இது செங்கோண முக்கோணம். கர்ணம் 1150 வோல்ட்-ஆம்பியர், அது தோற்றத்திறன். ஒரு பக்கம் 805 வாட், மாவை அரைக்கும் மெய்த்திறன். இன்னொரு பக்கம் ஏறக்குறைய 821, அதுதான் எதிர்வினைத்திறன். 805-ஐ 1150-ஆல் வகுத்தால் 0.7, எலெக்ட்ரீஷியன் 'பவர் ஃபேக்டர்' என்பது இதைத்தான்.

அந்த 821 என்ன செய்கிறது? மோட்டாரின் சுருளில் காந்தப்புலத்தை எழுப்புகிறது. புலம் அடங்கும்போது அந்த ஆற்றல் லைனுக்கே திரும்புகிறது. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் இது வினாடிக்கு 100 முறை. வட்டியில்லாக் கைமாற்று. ஆனால் கொண்டுபோய்க் கொண்டுவரும் ஆளுக்குக் கூலி உண்டு: வயர் சூடாகிறது.

இப்போது மோட்டாரின் பக்கத்திலேயே சுமார் 33 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரை, அதாவது மின்னூட்டத்தை வாங்கி வைத்துத் திருப்பித் தரும் கருவியை, இணைத்திருக்கிறோம். லைனில் 3.7 ஆம்பியர்! கிளாம்பைக் கெப்பாசிட்டருக்கும் மோட்டாருக்கும் நடுவே மாட்டுகிறேன், அதே 5. கைமாற்று நிற்கவில்லை, அதில் பெரும்பகுதி பக்கத்து வீடான கெப்பாசிட்டரோடு முடிந்துவிட்டது. லைன் வயரில் சூடாகி வீணாவது ஏறக்குறைய பாதியாகிவிடும். (அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கும். கை வைக்காதீர்கள்.)

இதே கெப்பாசிட்டரை ஒரு பெட்டிக்குள் வைத்து, 'இந்தப் பெட்டியைச் செருகினால் வீட்டு பில் பாதி' என்று விற்கிறார்களே, அது சுத்தப் பித்தலாட்டம். வீட்டு பில் யூனிட் கணக்கில், அதாவது மெய்த்திறனுக்குத்தான் வருகிறது. திரும்பிப் போவதற்கு நீங்கள் காசு கட்டவே இல்லை, மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது? பவர் ஃபேக்டர் குறைந்தால் கூடுதல் கட்டணம் கட்டுகிற ஆலைகளின் கதை வேறு.

ஆச்சிக்கு ஒரு கடையில் 1000 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) இன்வெர்ட்டரைத் தலையில் கட்டியிருக்கிறார்கள். '805 வாட்தானே, தாங்கும்' என்றார்களாம். கெப்பாசிட்டர் இல்லாத மோட்டார் கேட்பது 1150 வி.ஏ. அதுவும் ஓடத் தொடங்கிய பிறகுதான். சுவிட்சைப் போடும் நொடியில் இந்த வகை மோட்டார் அதைப்போல் ஐந்தாறு மடங்கு ஆம்பியரை இழுக்கும். பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போகிறோம். திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று அடுத்த வீடியோவில் சொல்கிறேன்.