காப்பர்-டி போட ஜிகினாக் கடைக்காரரைக் கேட்கணுமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும் டல்லாஸ் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வருகிறேன்.

"கொள்கை பிடிக்காத கடையைப் புறக்கணிப்பது கடமையா, வீம்பா?" இதுதான் தலைப்பு. கடமை என்று பேச வந்திருக்கிறேன். ஆனால் எதிரணித் தலைவர் போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். "ஹாபி லாபி வேண்டாம் என்று பேசுகிற பெண்கள்தான் நவராத்திரி வந்தால் அங்கே போய்க் கொலுவுக்கு ஜிகினா வாங்குகிறார்கள்!" அரங்கமே கைதட்டியது. ஹாபி லாபி என்பது கைவினை, அலங்காரப் பொருட்கள் விற்கிற அமெரிக்கக் கடை. சரி, தட்டிய கை தட்டியபடியே இருக்கட்டும். எங்கள் வீட்டுக் கொலுக் கதையைக் கேளுங்கள்.

ஊரிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மாயவரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். கொலுப் படிக்குக் கீழே பூங்கா வைக்கப் புல்லும் குட்டி மரமும் வேண்டும் என்றார். பக்கத்து வீட்டுப் பெண் அந்தக் கடையின் 40 சதவீதக் கூப்பனைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். 2021-இல் அந்தக் கூப்பனை நிறுத்திவிட்டார்கள், இது அதற்கு முந்தைய கதை. அத்தை செருப்பு மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நான் சொன்னேன்: "அத்தை, அந்தக் கடைக்கு நாம் போவதில்லை."

"ஏன், விலை ஜாஸ்தியா?"

"இல்லை. வேலை செய்கிற பெண்களின் மருத்துவக் காப்பீட்டில் கருத்தடைக்கான காப்பர்-டி சேர்க்க மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனவர்கள்."

அத்தை செருப்பைக் கழற்றினார். உட்கார்ந்தார். "அந்த முதலாளி டாக்டரா?"

"இல்லை அத்தை. படத்துக்கு ஃபிரேம் செய்து விற்று முன்னுக்கு வந்தவர்."

"பிள்ளை பெத்தவரா?"

"அவர் மனைவி பெத்தாங்க."

"அப்போ அந்தம்மா சொல்லட்டும். இவருக்கு என்ன வந்துது?"

அதோடு விட்டாரா? சாயங்காலம் என் கணவரிடம் முதலிலிருந்து விசாரணை. ராத்திரி மாயவரத்துக்குப் போன். ஸ்பீக்கரில் போட்டுச் சொல்கிறார்: "ஏண்டி, இங்க அமெரிக்காவுல காப்பர்-டி போட ஜிகினாக் கடைக்காரர் சம்மதிக்கணுமாம்! நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல காசே வாங்காமப் போட்டு அனுப்பினோமேடி!" அந்தப் பக்கம் ஒரு தெருவே சிரிக்கிறது.

எதிரணித் தோழர் கை தூக்குகிறார். "சம்மதம் யாரும் கேட்கவில்லை, பணம் கொடுக்க மாட்டோம் என்றுதான் சொன்னார்கள்" என்கிறார். சரி, பணத்தையே பேசுவோம். 2014 ஜூன் 30-ஆம் தேதி ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு அந்தக் கடைப் பக்கம் வந்தது. அன்று அந்த நீதிமன்றத்தில் இருந்த பெண் நீதிபதிகள் மூவரும் எதிர்ப்பக்கம் நின்றார்கள். அவர்களில் ஒருவரான கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் கணக்கே காட்டினார்: இந்தச் சாதனத்தைப் பொருத்திக்கொள்ளும் செலவு, குறைந்தபட்சக் கூலி வாங்குகிற பெண்ணின் ஏறக்குறைய ஒரு மாத முழுச் சம்பளம். ஒரு மாதச் சோற்றையும் வாடகையையும் பறித்துக்கொண்டு, "நாங்கள் தடுக்கவே இல்லையே" என்றால் எப்படி? காப்பீடு முதலாளி போடுகிற பிச்சை அல்ல ஐயா, அவள் உழைத்த சம்பளத்தின் ஒரு பகுதி.

அவர்கள் நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. அனுமதி பெற்ற 20 கருத்தடை முறைகளில், காப்பர்-டி உட்பட 4 மட்டும் கருவைக் கலைக்கக்கூடும் என்பது அந்தக் குடும்பத்தின் எண்ணம். இருக்கட்டும். ஆனால் அந்த நான்கில் இரண்டு மாத்திரைகளுக்கு, 2012-இல் வழக்குப் போடுவதற்குக் கொஞ்சம் முன்பு வரை அவர்கள் காப்பீடே பணம் கொடுத்துக்கொண்டிருந்தது! அதுவரை அது யாருடைய உறக்கத்தையும் கெடுக்கவில்லை. 2015-இல் அரசு தலையிட்டு, காப்பீட்டு நிறுவனமே நேரடியாகக் கொடுக்க ஒரு மாற்று வழி செய்தது. சந்தோஷம். அது அரசு செய்தது, கடை செய்ததல்ல.

"புறக்கணித்து என்ன கிழித்தீர்கள், கடைகள் பெருகித்தானே இருக்கின்றன" என்றும் கேட்டார்கள். பெருகட்டும். 2023 மார்ச்சில், கருக்கலைப்பு மாத்திரையை 21 மாநிலங்களில் தரப்போவதில்லை என்றது வால்கிரீன்ஸ் என்ற மருந்துக்கடை நிறுவனம். கான்சஸ் மாதிரி, கருக்கலைப்பு சட்டப்படி செல்லுகிற மாநிலங்களும் அதில் இருந்தன. உடனே கலிஃபோர்னியா ஆளுநர் அந்த நிறுவனத்தோடு இருந்த 5.4 கோடி டாலர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டேன் என்றார். ஒரு மாநிலம் செய்தால் அது கொள்கை, நம் வீட்டு அத்தை செய்தால் வீம்பா?

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, ஒரே நிமிடம். அன்று ராத்திரி போனை வைத்த பிறகு அத்தை ஒன்று சொன்னார். அவருக்கு ஒரு அக்கா. ஏழு பிள்ளைகள். எட்டாவது பிரசவத்தில் போய்விட்டார். "போதும்னு அவளுக்குத் தெரியும்டி. யார்கிட்டச் சொல்றதுன்னுதான் தெரியலை" என்றார் அத்தை. செவிலியர் வேலைக்கு அவர் போனதே அதனால்தானாம். மழையோ வெயிலோ, சைக்கிளில் வீடு வீடாகப் போய், "போதும்" என்று சொல்ல நினைத்த பெண்களைக் கையைப் பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

இன்றைக்கு நாம் இருக்கும் இந்த டெக்சாஸில் கருக்கலைப்புக்கு ஏறக்குறைய முழுத் தடை. கரு உண்டாகாமல் காத்துக்கொள்வது ஒன்றுதான் இங்கே ஒரு பெண்ணின் கையில் மிச்சம். அந்த ஹாபி லாபிக் கல்லாவில் நிற்கிற பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. ஆனால் அவளும் யாருக்கோ அக்காதானே, ஐயா? அவள் போதும் என்று சொல்லும்போது இடையில் ஒரு முதலாளி நிற்பார் என்றால், அந்தக் கல்லாவில் என் காசு விழாது.

கடமை என்றே தீர்ப்புச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.