கே.பி. சுந்தராம்பாள்: மைக் இல்லாத மேடையில் பழகிய குரல்

வேலூர், ஆற்காடு, ஆரணி, குடியாத்தம் வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

கே.பி. சுந்தராம்பாள் என்றாலே நமக்கெல்லாம் நினைவுக்கு வருவது நெற்றி நிறையத் திருநீறு பூசிய அவ்வைப் பாட்டிதான். 'அவ்வையார்' படம் வந்தது 1953-ல். அப்போது அம்மையாருக்கு 45-ஐ ஒட்டிய வயது. அதற்கு முன்பே மேடையில் விடிய விடியப் பாடிப் பழகிய தொண்டை அது. "அது பிறவிக் குரல், கடவுள் கொடுத்தது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படிச் சொன்னால் அவர் பட்ட பாடு கணக்கில் வராமலே போய்விடும். இன்று அந்தப் பாடுகளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் பக்கத்தில் இதை விளக்குவது சுலபம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத்தில் அர்ச்சுனன் தபசு பார்த்திருப்பீர்கள். வேடக்காரர் தபசு மரத்தில் ஏறிக்கொண்டே விருத்தம், அதாவது தாளம் இல்லாமல் நீட்டிப் பாடும் பாட்டு, பாடுவார். கீழே வெட்டவெளியில் ஊர் ஜனம் மொத்தமும் உட்கார்ந்திருக்கும். இப்போது மைக் வந்துவிட்டது. அது இல்லாத நாளில் அந்தக் குரல் கடைசி ஆள் வரைக்கும் எப்படிப் போயிற்று? மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுக்க வேண்டும். சொல்லின் முதல் எழுத்தை அழுத்தி விட வேண்டும். ஆ, ஏ, ஓ என்று வாய் நன்றாகத் திறக்கிற நெடிலில் அடியை நீட்ட வேண்டும். தொண்டையை மட்டும் இறுக்கிக் கத்தினால் நடு இரவு தாண்டியதும் மேல் ஷட்ஜத்தில், அதாவது உச்ச 'ஸ'வில், குரல் உடையும். மறுநாள் பேச்சே வராது. கூத்தானாலும் நாடகமானாலும் இதுதான் கதை.

சுந்தராம்பாள் 1908-ல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமையில் ரயிலில் பாடிய சிறுமி, வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசியில் அழுகிற பிள்ளை வேடம். அழுதுகொண்டே பாட வேண்டும், சுருதியும் விலகக் கூடாது. அழுகை தொண்டையை அடைக்கும், பாட்டுக்குத் தொண்டை திறந்திருக்க வேண்டும். சின்ன வயதில் கிடைத்த கடினமான பயிற்சி அது.

பிறகு ஸ்பெஷல் நாடகம். இதில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி ஓர் ஊர், ஆர்மோனியக்காரர் இன்னோர் ஊர். ராத்திரி மேடையில்தான் சேருவார்கள். வள்ளி திருமணம் என்றால் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டெல்லாம் எல்லோருக்கும் மனப்பாடம், அதை வைத்து நடத்திவிடுவார்கள். ஆனால் சுருதி, அதாவது பாட்டுக்கு அடிப்படையாக வைத்துக்கொள்ளும் ஸ்வரம்? இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை.

ஆர்மோனியத்தில் ஸ்தாயி, அதாவது ஏழு ஸ்வர வரிசை, தொடங்குகிற வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்தடுத்து இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போக வேண்டும். நடுவில் வரும் கறுப்புக் கட்டைக்கு 'அரை' என்று கணக்கு: 1½, 2½ இப்படி. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பே கிடையாது, அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. ஆண்கள் பொதுவாக 1, 1½, 2 கட்டையைச் சுருதியாக வைத்துப் பாடுவார்கள். பெண்கள் 5, 5½. இருவரும் ஒரே காட்சியில் தர்க்கம் பண்ணிப் பாடினால் என்ன ஆகும்? ஆள் மாறும்போதெல்லாம் ஆர்மோனியக்காரர் ஆதார சுருதியை மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் கேட்கிறவர் காது தடுமாறும். பெண்ணுடைய சுருதியிலேயே ஆண் பாடினால் மேல் ஸ்தாயி எட்டாது. கீழ் ஸ்தாயிக்கு இறங்கினால் மிருதங்கத்தில் குரல் அமுங்கிவிடும்.

நாடக நடிகர் எஸ்.ஜி. கிட்டப்பா ஆண்களில் அபூர்வமாக உச்ச சுருதியில் பாடியவர். சுந்தராம்பாளோடு சேர்ந்து பாடும்போது சுருதி மாற்ற வேண்டிய தேவையே வரவில்லை. ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுக்கலாம். அந்த ஜோடிக்குக் கூடிய கூட்டத்துக்கு இது பெரிய காரணம் என்பது என் கருத்து. மேடைப் பழக்கம் திருமணத்தில் முடிந்தது. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் காலமானார்.

அதன் பிறகு வெள்ளைப் புடவை, மேடையிலிருந்து ஒதுக்கம். அவரைத் திரும்ப அழைத்து வந்தது 1935-ல் 'நந்தனார்' படம். சம்பளம் ஒரு லட்ச ரூபாய், அந்தக் காலத்தில் கேள்விப்படாத தொகை. போட்டதோ ஆண் வேடம், நந்தனாரே அவர்தான். வேதியராக மகாராஜபுரம் விஸ்வநாத அய்யர்.

இங்கேதான் குரலுக்குப் புதுச் சிக்கல். அப்போது பின்னணிப் பாடல் முறை தமிழில் வரவில்லை. காமிரா ஓடும்போதே பாட வேண்டும், வாத்தியக்காரர்கள் காமிரா கண்ணில் படாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கடைசி வரிசைக்கு எறிந்து பழகிய குரலை அப்படியே விட்டால் மைக்கில் ஒலி சிதறும். விலகி நின்றாலும் வம்பு: மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரலின் வலு ஏறக்குறைய நாலில் ஒன்றாகிவிடும். தலையைத் திருப்பினாலும் குறையும். பழைய படங்களில் பாடுகிறவர்கள் நட்ட மரமாய் நிற்பதற்குக் காரணம் இதுதான். நடிப்புத் தெரியாமல் நின்றார்கள் என்று சொல்வது அநியாயம். யாராவது ஒருவர் இருமினால் முதலிலிருந்து பாட வேண்டும், படச்சுருளும் வீண்.

இசைத்தட்டில் இன்னொரு கட்டுப்பாடு. 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மேடையில் கால் மணி நேரம் விரித்த பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். விருத்தத்தைச் சுருக்கலாம், ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடுகிற சங்கதியைக் குறைக்கலாம், சொல்லை மட்டும் விழுங்கக் கூடாது. சுந்தராம்பாள் தட்டுகளில் ஊசி கரகரக்கிற இரைச்சலுக்கு நடுவிலும் ஒவ்வொரு சொல்லும் புரியும். மேடையில் அழுத்திப் பழகிய முதலெழுத்து இங்கே கைகொடுத்தது.

காங்கிரஸ் மேடைகளில் பாடியதும், 1951-ல் சட்ட மேலவை உறுப்பினரானதும் தனியாகப் பேச வேண்டிய விஷயம். நேரம் ஆகிவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள், அதனால் வேகமாகச் சொல்லி விடுகிறேன். 'பூம்புகார்' 1964, கவுந்தியடிகள். 'திருவிளையாடல்' 1965, மறுபடி அவ்வை. 'துணைவன்' 1969, சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது, அறுபதை ஒட்டிய வயதில். மறைந்தது 1980-ல்.

'திருவிளையாடல்' பாட்டுகள் எல்லோர் கைபேசியிலும் இருக்கின்றன. தாளம் இல்லாமல் பாடுகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, எந்தச் சொல்லுக்குப் பிறகு மூச்சு வாங்குகிறார் என்று கவனித்துக் கேளுங்கள். கூடவே நீங்களும் அதே இடத்தில் மூச்சு எடுத்துப் பாடிப் பாருங்கள். வணக்கம்.