ஒலிம்பிக் பொம்மை: அசலைப் பிடிக்கிறதும் கெடாம வச்சிருக்கிறதும்

வணக்கம். இன்னிக்கு மேசை மேல மூணு பேர் உட்கார்ந்திருக்காங்க. பெய்ஜிங் 2022-ஓட பாண்டா கரடி பிங் துவென் துவென், பாரிஸ் 2024-ஓட தொப்பி வடிவ ஃப்ரீஜ், மிலானோ கோர்ட்டினா 2026-ஓட மிலோ.

கடையில எடுத்ததும் முதல்ல சின்னத்தைப் பாருங்க. மேல் வரிசையில நீலம், கறுப்பு, சிவப்பு. கீழ மஞ்சள், பச்சை. அஞ்சு வளையமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்திருக்கணும், சும்மா அடுக்கி வச்ச மாதிரி இருந்தா போலி. பாராலிம்பிக் பொம்மைக்கு அந்த வளையங்க வராது. சிவப்பு, நீலம், பச்சைன்னு மூணு வளைவுதான். ஓட்டப் பிளேடு மாட்டின ஃப்ரீஜ் பாராலிம்பிக்கோடது. அதுல அஞ்சு வளையம் இருந்தா அப்படியே வச்சுட்டு வந்துடுங்க.

மிலோவும் பாராலிம்பிக்தான். கீரி மாதிரி இருக்கிற ஸ்டோட்ங்கிற விலங்கு, பிறவியிலயே ஒரு பாதம் கிடையாது. அதனால பாதம் குறையுதேன்னு டேமேஜ் பீஸா நினைச்சுடாதீங்க. நாலு பாதமும் முழுசா இருந்தாதான் யோசிக்கணும். பிங் துவென் துவெனுக்கு இடது உள்ளங்கையில சிவப்பு இதயம், முகத்தைச் சுத்தி பல வண்ணக் கோடு.

அடுத்தது, பக்கவாட்டுத் தையல்ல இருக்கிற துணி லேபிள். 'மேட் இன் சைனா'ன்னு இருந்தா போலின்னு பல பேர் நினைக்கிறாங்க, தப்பு. ஃப்ரீஜ்ல ஒரு சின்னப் பங்குதான் பிரான்ஸ்ல, பிரிட்டனி பக்கம் தைச்சது. பெரும்பாலானது சீனாவுல தயாரானது, ரெண்டுமே அசல். ஆனா லேபிளே இல்லாத பொம்மையை மட்டும் வாங்காதீங்க. அட்டை டேக்கையும் வெட்டாதீங்க, பின்னால விக்கணும்னா விலை குறையாமப் பாத்துக்கிறது அதுதான்.

பெட்டியில இடம் இல்லைன்னு வேக்வம் பையில அமுக்கிக் கொண்டு வருவீங்க. ஊருக்கு வந்ததும் அன்னிக்கே வெளியே எடுத்துடணும். வாரக்கணக்குல விட்டா முடி ஒரு பக்கமாப் படிஞ்சு மடிப்பு விழும். விழுந்துட்டா, ஸ்டீம் அயர்னை 15 செ.மீ. தள்ளிப் பிடிச்சு ஆவி மட்டும் காட்டி, மெத்துன பல் பிரஷால முடி வாக்குல சீவுங்க. அயர்ன் துணியில படவே கூடாது, பாலியெஸ்டர் முடி உருகிப் பளபளன்னு ஆயிடும், அதை எதுவாலயும் மீட்க முடியாது.

துவைக்கிற விஷயத்துலதான் நிறைய பொம்மை வீணாகுது. ஃப்ரீஜ் சிவப்பு, கண்ணோரத்துல வெள்ளை கலந்த மூவர்ண ரிப்பன் பூ. முழுக்க முக்குறதுக்கு முன்னாடி, ஈர வெள்ளைத் துணியை அடிப்பக்கம் ஒரு நிமிஷம் அழுத்திப் பாருங்க. சிவப்பு ஏறிச்சுன்னா முக்க வேண்டாம். 1 லிட்டர் குளிர்ந்த தண்ணியில 1 டீஸ்பூன் மைல்டு லிக்விட் சோப், அதோட நுரையை மட்டும் துணியில தொட்டுத் துடைங்க. உள்பஞ்சு நனைஞ்சா வெளிய காஞ்சிருந்தும் உள்ள ஈரம் நின்னு வாடை அடிக்கும். ஃபேன் காத்துல குறைஞ்சது 2 நாள். வெயில் வேண்டாம், சாயம் வெளுக்கும். பாட்டுப் பாடுற பொம்மைன்னா தண்ணி காட்டுறதுக்கு முன்னாடி பட்டன் பேட்டரியைக் கழட்டுங்க.

பழைய பொம்மை கிடைச்சா, உதாரணமா மாஸ்கோ 1980-ஓட மிஷா கரடி, தண்ணியே காட்டாதீங்க. முதல்ல இடுப்பு பெல்ட் இருக்கான்னு பாருங்க, அஞ்சு வளையம் அந்த பக்கிள்லதான். அப்புறம் காதுகிட்ட வச்சு மெல்ல அமுக்குங்க. ரவையை நசுக்குற மாதிரி சத்தம் வந்தா உள்ள இருக்கிற ஃபோம் பொடியாயிடுச்சு. வேக்வம் கிளீனர் வாயில நைலான் சாக்ஸ் மாட்டி, குறைஞ்ச வேகத்துல தூசி எடுத்தாப் போதும்.

பிங் துவென் துவெனுக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு உறை, அதான் பனிக் கவசம். இப்படிப்பட்ட மெல்லிய பிளாஸ்டிக், வெயில் சூட்டுல மஞ்சளிக்கும். வேற பிளாஸ்டிக் பொம்மையோட ஒட்டி வச்சா நாளாக நாளாகப் பிசுபிசுத்து ஒட்டிக்கும். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளைக் காட்டன் துணி ஒண்ணு விரிச்சு, ஜன்னல் பக்கம் இல்லாத அலமாரியில வைங்க.